காரின் ஆட்டோ ஏசி எப்படி முடிவெடுக்கிறது, அதை எப்படிப் பயன்படுத்துவது

சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற காருக்குள் ஏறுகிறவர்களில் பலர் செய்வது ஒன்றுதான். ஏசியின் எண்ணை அடிமட்டம் வரை இறக்குகிறார்கள். கால் மணி நேரத்தில் குளிர் தாங்காமல் 27-க்கு ஏற்றுகிறார்கள். சற்று நேரத்தில் புழுங்குகிறது என்று மறுபடி 20-க்குக் கொண்டுவருகிறார்கள். திருகு குமிழ் மட்டும் உள்ள சாதாரண ஏசியில் இது தவிர்க்க முடியாத வேலை. ஆனால் ‘ஆட்டோ’ என்ற பொத்தான் உள்ள காரில் இந்த வேலையைச் செய்வதற்கென்றே ஒரு சிறு கணினியும் நான்கைந்து சென்சார்களும் மூன்று நான்கு மோட்டார்களும் பொருத்தப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு நாம் விலையும் கொடுத்திருக்கிறோம். அவை எதைப் பார்த்து எதை முடிவு செய்கின்றன என்பது தெரிந்துவிட்டால், எப்போது கையை எடுத்துவிட வேண்டும், எப்போது மட்டும் குறுக்கிட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

நாம் வைக்கும் எண் எதைக் குறிக்கிறது

24 என்று வைத்தால் காற்றுத் துளையிலிருந்து 24 டிகிரியில் காற்று வரும் என்று நினைப்பதே முதல் தவறு. அந்த எண், காருக்குள் நிலவ வேண்டிய வெப்பநிலையைக் குறிக்கிறது. துளை வழியே வரும் காற்றின் வெப்பநிலையை அல்ல. வெளியே 38 டிகிரி, உள்ளே 50 டிகிரி என்றிருக்கும்போது நீங்கள் 24 என்று வைத்தாலும், கணினி தன்னால் இயன்ற அளவு குளிர்ந்த காற்றை, காற்றை ஊதும் விசிறியான புளோயரின் உச்ச வேகத்தில் அனுப்பும். 18 என்று வைத்தாலும் அதே காற்றுதான், அதே வேகம்தான். வேறுபாடு பிற்பாடுதான் வருகிறது: 24 என்று வைத்தவருக்கு, உள்வெப்பம் அந்த எண்ணை நெருங்க நெருங்கக் கணினி புளோயரைத் தணித்து, காற்றின் குளிர்ச்சியையும் சிறிது சிறிதாகக் குறைத்து நிலைநிறுத்தும், 18 என்று வைத்தவருக்கு அது இளைப்பாறாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே சீக்கிரம் குளிர வேண்டும் என்பதற்காக எண்ணை இறக்குவதில் பயனில்லை. 24 அல்லது 25 என்று ஒருமுறை வைத்துவிட்டு, பத்து நிமிடம் பொறுத்து, உங்கள் உடலுக்கு ஏற்ப அரை டிகிரி, ஒரு டிகிரி என்று நகர்த்திக்கொள்வதே சரியான முறை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. எண்ணை அடிமட்டத்துக்கும் கீழே இறக்கினால் பல கார்களில் ‘லோ’ என்றும், உச்சத்துக்கு மேலே ஏற்றினால் ‘ஹை’ என்றும் திரையில் தோன்றும். இவை வெப்பநிலைகள் அல்ல. இந்த இரண்டு நிலைகளிலும் கணினி தன் கணக்கை நிறுத்திவிட்டு, முழுக் குளிர் அல்லது முழுச் சூடு என்று ஒரு முனையில் போய் நின்றுகொள்கிறது. பழுது பார்க்கும்போது இவை பெரிதும் உதவும் என்பதால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

காருக்குள் ஒரு வெப்பநிலையை ஒப்படைத்துவிட்டு மறந்துவிடலாம் என்ற எண்ணம் புதிதன்று. அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் 1964-ஆம் ஆண்டு மாடலில் ‘கம்ஃபர்ட் கண்ட்ரோல்’ என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. ஒரு வெப்பநிலையைத் திருகி வைத்தால் குளிர்விப்பதா சூடேற்றுவதா என்பதை அதுவே பார்த்துக்கொண்டது.

குளிர் ஒரு பக்கம், சூடு ஒரு பக்கம், நடுவில் ஒரு கதவு

குளிர்ச்சி உண்டாகும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கம்ப்ரசர், குளிர்வாயுவை அழுத்திச் சூடாக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சருக்கு அனுப்புகிறது. அங்கே வாயு தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் குறுகிய துளையைக் கடந்ததும் அழுத்தம் சட்டென்று விழ, திரவம் கொதித்து ஆவியாகி, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலைக் குளிர்விக்கிறது. இந்தியக் கார்களில் பரவலாக உள்ள ஆர்-134ஏ என்ற வாயு, சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதே வாயு 60 டிகிரியில் திரவமாக வேண்டுமானால் ஏறத்தாழ 17 பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போலச் சுமார் 17 மடங்கு அழுத்தம் தேவை. கோடையில் கம்ப்ரசர் இவ்வளவு உழைப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆட்டோ ஏசியின் உயிர்நாடி கம்ப்ரசர் அன்று. டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சிறு பிளாஸ்டிக் கதவு. புளோயர் இழுக்கும் காற்று முழுவதும் முதலில் கூலிங் காயிலைக் கடந்து, உறைநிலைக்குச் சில டிகிரிகள் மேலே வரை குளிர்ந்துவிடுகிறது. அதற்கு அடுத்தபடியாக ஹீட்டர் காயில் இருக்கிறது; எஞ்சினைச் சுற்றி வரும் சூடான கூலன்ட் அதற்குள் ஓடுகிறது. இந்த இரண்டு காயில்களுக்கும் இடையில் உள்ள கலப்புக் கதவு, குளிர்ந்த காற்றில் எவ்வளவு பங்கு ஹீட்டர் வழியாகச் செல்ல வேண்டும், எவ்வளவு பங்கு அதைத் தொடாமல் நேரே வர வேண்டும் என்று பிரித்துவிடுகிறது. பிரிந்த இரண்டும் மறுபடி கலந்து நம் முகத்துக்கு வருகின்றன. காய்ச்சிய பாலை டம்ளரில் ஊற்றிச் சிறிது தண்ணீர் கலந்து குழந்தைக்கு ஏற்ற சூட்டுக்குக் கொண்டுவருவதைப் போன்றது இது. சாதாரண ஏசியில் அந்தக் கதவை நம் கை திருப்புகிறது. ஆட்டோ ஏசியில் பல்சக்கரங்கள் கொண்ட ஒரு சிறு மோட்டார் திருப்புகிறது. கதவு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதையும் அந்த மோட்டார் கணினிக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

குளிர்வித்த காற்றை மறுபடி சூடாக்குவது வீண் செலவல்லவா என்று கேட்கத் தோன்றும். ஓரளவு உண்மைதான், அதனால்தான் மாறும் கொள்ளளவு கொண்ட புதிய கம்ப்ரசர்கள் வந்திருக்கின்றன. அவை தேவைக்கு ஏற்பத் தங்கள் உழைப்பைக் குறைத்துக்கொண்டு, கூலிங் காயிலை அளவுக்கு மீறிக் குளிர விடுவதில்லை. ஆனால் இந்தக் குளிர்விப்பில் நாம் கேட்காமலே கிடைக்கும் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள சென்னைக் காற்றில், ஒரு கிலோவுக்கு 21 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். அதை 5 டிகிரிக்குக் குளிர்வித்தால் 16 கிராம் அளவுக்குத் தண்ணீராகி வடிந்துவிடும். மிஞ்சிய காற்றை 22 டிகிரிக்குச் சூடேற்றினால் அதன் ஈரப்பதம் மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிடுகிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: அந்த 16 கிராம் நீராவியைத் தண்ணீராக்க ஆகும் உழைப்பு, காற்றை 30-இலிருந்து 5-க்கு இறக்க ஆகும் உழைப்பைவிட அதிகம். கடற்கரை ஊர்களில் கார் ஏசி செய்யும் வேலையில் பெரும்பாதி, குளிர்விப்பதன்று, உலர்த்துவதே. காரை நிறுத்தியதும் அடியில் சொட்டும் தண்ணீர் அந்த உழைப்பின் கணக்குதான். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. அந்தத் தண்ணீர் வெளியே சொட்டாமல் முன்னிருக்கையின் கால்மிதியை நனைத்தால்தான் பதற வேண்டும். வடிகுழாய் அடைத்திருக்கிறது என்று பொருள்.

கணினியின் கண்களும் தோலும்

கதவை எவ்வளவு திருப்புவது, புளோயரை எவ்வளவு வேகத்தில் சுழற்றுவது என்று முடிவு செய்யக் கணினிக்குச் செய்தி வேண்டும். அதைக் கொடுப்பவை சென்சார்கள். அவற்றில் நான்கை ஒவ்வொரு கார்க்காரரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து, ஏனெனில் அவற்றில் இரண்டை நாமே அறியாமல் கெடுத்துவிடுகிறோம்.

முதலாவது, உள்வெப்ப சென்சார். ஸ்டீயரிங்கை ஒட்டியோ ஏசி பொத்தான்களின் அருகிலோ, நான்கைந்து மெல்லிய கீறல்கள் கொண்ட ஒரு சிறு சன்னல் இருக்கும். பலர் அதை மைக் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பின்னால் ஒரு தெர்மிஸ்டர் இருக்கிறது. வெப்பம் ஏற ஏற அதன் மின்தடை குறையும். தேங்கி நிற்கும் காற்றை அளந்தால் டேஷ்போர்டின் சூட்டைத்தான் அளக்க நேரும் என்பதால், ஒரு குட்டி விசிறியோ, புளோயரின் ஓட்டத்தால் உறிஞ்சும் ஒரு குழாயோ காருக்குள் இருக்கும் காற்றை அந்தக் கீறல்கள் வழியே இடைவிடாமல் இழுத்துத் தெர்மிஸ்டரின் மேல் படும்படி செய்கிறது. கீறல்களை ஸ்டிக்கரோ தூசியோ அடைத்துவிட்டால் காற்றோட்டம் நின்று, சென்சார் தன்னைச் சுற்றியுள்ள சூட்டையே உள்வெப்பம் என்று எண்ணிக் காரை அளவுக்கு மீறிக் குளிர்விக்கச் சொல்லும். காற்றுத் துளையில் மாட்டிய செல்போன் ஸ்டாண்டு குளிர்காற்றை நேராக அந்தச் சன்னலின் மேல் திருப்பிவிட்டால் நேர்மாறாக, கார் குளிர்ந்துவிட்டது என்று நம்பி ஏசி முன்கூட்டியே தணிந்துவிடும்.

இரண்டாவது, வெயில் சென்சார். டேஷ்போர்டின் மேல், முன்கண்ணாடியை ஒட்டி, கறுப்புக் குமிழ் போல ஒன்று தெரியும். அதற்குள் இருப்பது ஒளியை மின்னோட்டமாக மாற்றும் டயோடு. நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் வெப்பத்தைக் கொட்டுகிறது. உள்காற்று 24 டிகிரியில் இருந்தாலும் மடியில் விழும் வெயில் நம்மைச் சுட்டுக்கொண்டேதான் இருக்கும். ஆகவே வெயில் படும்போது நாம் கேட்டதைவிடச் சற்று அதிகமாகவே குளிர்விக்க வேண்டும் என்பது கணினிக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருபுறமும் தனித்தனி வெப்பநிலை வைக்கும் வசதி உள்ள சில கார்களில், வெயில் எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்பதையும் இந்தச் சென்சார் பிரித்துச் சொல்லும்.

நம் ஊர்க் கார்களில் டேஷ்போர்டின் மேல் பிள்ளையார் இருப்பார், வேளாங்கண்ணி மாதா இருப்பார், அவர்களுக்கு மல்லிகைச் சரமும் இருக்கும். அவர்களை ஒரு சாண் தள்ளி வைப்பது போதும். குமிழை மறைக்காமல் இருந்தால் சரி. நான் இந்தப் பாடத்தைப் பணம் கொடுத்தே கற்றேன். ஒரு கோடையில் என் கார் இரவில் நன்றாகக் குளிர்ந்தது. பகலில் மட்டும் 24 வைத்தும் வியர்த்துக் கொட்டியது. ஒரு பட்டறையில் கேஸ், அதாவது குளிர்வாயு, குறைந்திருக்கிறது என்று சொல்லி முழுவதையும் மாற்றினார்கள். குறை அப்படியே இருந்தது. பிறகு ஒருநாள் யோசித்துப் பார்த்தபோதுதான், பளபளப்பு எதிரொளிக்கக் கூடாது என்று நான் விரித்திருந்த கறுப்பு விரிப்பு அந்தக் குமிழை முழுவதுமாக மூடியிருந்தது புலப்பட்டது. விரிப்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துளை வெட்டியதும் குறை தீர்ந்தது. பகலில் குறை, இரவில் சரி என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

மூன்றாவது, வெளிவெப்ப சென்சார். இது முன் பம்பருக்குப் பின்னால், காற்று படும் இடத்தில் இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது எஞ்சினின் சூடு இதைத் தாக்கும் என்பதால், கார் ஓடத் தொடங்கி நல்ல காற்றுப் பட்ட பிறகே புதிய அளவை ஏற்றுக்கொள்ளும்படி கணினிக்குச் சொல்லியிருப்பார்கள். காரைக் கிளப்பியவுடன் திரையில் தோன்றும் வெளிவெப்பம் சில நிமிடங்களுக்குப் பொருந்தாமல் இருப்பது இதனால்தான். முன்பக்கம் இடித்துப் பம்பர் மாற்றிய கார்களில் இந்தச் சென்சாரின் கம்பியைத் திரும்ப மாட்ட மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. கம்பி அறுந்தால் மின்தடை எல்லையற்றதாகத் தோன்றும். மின்தடை மிகுதி என்றால் கடுங்குளிர் என்று பொருள். ஆகவே மதுரையின் மே மாதத்தில் திரை மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால் வியக்க வேண்டாம். பம்பருக்குப் பின்னால் கம்பி தொங்கிக்கொண்டிருக்கும்.

நான்காவது, கூலிங் காயிலின் மேல் செருகிய சென்சார். காயில் உறைநிலையை நெருங்கும்போது இது கம்ப்ரசரை நிறுத்தவோ தணிக்கவோ செய்கிறது. இல்லையென்றால் காயிலில் வடியும் நீர் பனிக்கட்டியாகி, காற்றோட்டத்தையே அடைத்துவிடும். நெடும்பயணத்தில் ஒரு மணி நேரம் கழித்துக் காற்று படிப்படியாகக் குறைந்து, ஏசியை நிறுத்திப் பத்து நிமிடம் பொறுத்தால் மறுபடி சரியாகிறது என்றால், இந்தச் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும்.

இவற்றோடு கூலன்ட் வெப்பம், வாயுவின் அழுத்தம், காரின் வேகம் ஆகியவையும் கணினிக்குச் சென்று சேர்கின்றன. விலை உயர்ந்த சில கார்களில் முன்கண்ணாடியின் ஈரத்தை அளக்கும் சென்சாரும், முன்னால் செல்லும் வண்டியின் புகையை மோந்து பார்த்து வெளிக்காற்றை அடைக்கும் சென்சாரும் இருக்கும்.

இந்தச் செய்திகளைக் கொண்டு கணினி நொடிக்கு நொடி ஒரே ஒரு கேள்விக்கு விடை காண்கிறது: இப்போது துளையிலிருந்து வர வேண்டிய காற்றின் வெப்பநிலை என்ன? நீங்கள் வைத்த எண்ணை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கி, அதிலிருந்து உள்வெப்பம், வெளிவெப்பம், வெயில் ஆகிய ஒவ்வொன்றையும் அதனதன் பெருக்கெண்ணால் பெருக்கிக் கழிக்கிறது. இந்தப் பெருக்கெண்கள்தான் ஒவ்வொரு தயாரிப்பாளரும் காலநிலைச் சோதனைக் கூடங்களிலும் வெயிலில் காய்ந்த சாலைகளிலும் ஓட்டி ஓட்டிக் கண்டறிந்த சரக்கு. ஒரு காரின் 24 இன்னொரு காரின் 24-ஐப் போல உணரப்படாததற்கும் இதுவே காரணம். விடை மிகக் குளிர்ந்த காற்று என்று வந்தால் கலப்புக் கதவு குளிர்ப்பக்கம் திரும்பும், புளோயர் வேகமெடுக்கும், காற்று முகத்துக்கு வரும், வெளிக்காற்று அடைக்கப்படும். சூடான காற்று என்று வந்தால் காற்று காலுக்குச் செல்லும். இரண்டுக்கும் நடுவில் வந்தால் முகத்துக்கும் காலுக்கும் பிரியும், புளோயர் மெல்லச் சுழலும். மரநிழல் மாறி மாறி விழும் சாலையில் புளோயர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் எரிச்சலாக இருக்கும் என்பதால் வெயிலின் மாற்றத்தைக் கணினி வேண்டுமென்றே மெதுவாகவே ஏற்றுக்கொள்கிறது.

அன்றாடம் ஓட்டும்போது

வெயிலில் நின்ற காரின் உட்புறம் ஒரு மணி நேரத்துக்குள் வெளிவெப்பத்தைவிட 20 டிகிரி வரை ஏறிவிடும். அந்த நிலையில் வெளிக்காற்றே நமக்குக் குளிர்காற்று. எனவே ஏறியவுடன் நான்கு கண்ணாடிகளையும் இறக்கி, ஆட்டோவை இயக்கி, இருநூறு முன்னூறு மீட்டர் ஓட்டுங்கள். தேங்கிய அனல் வெளியேறியதும் கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள். அதன் பிறகு காற்றைச் சுழற்சியில் வைப்பதா வெளியிலிருந்து எடுப்பதா என்பதைப் பெரும்பாலான கார்கள் தாமே பார்த்துக்கொள்ளும். காரைக் கிளப்பிய சில நொடிகளுக்குப் புளோயர் பம்மிக்கொண்டிருப்பதைப் பார்த்து வேகத்தைக் கூட்டிவிடாதீர்கள். காயில் குளிரும் முன் அனல்காற்றை உங்கள் முகத்தில் அடிக்கக் கூடாது என்று கணினி காத்திருக்கிறது. புளோயர் வேகத்தையோ காற்றின் திசையையோ நீங்கள் தொட்டால் பல கார்களில் ‘ஆட்டோ’ விளக்கு அணைந்துவிடும். தொட்டது மட்டும் உங்கள் பொறுப்புக்கு வந்து, மற்றவை கணினியிடமே இருக்கும். திரும்பவும் முழுவதையும் ஒப்படைக்க ஆட்டோவை ஒருமுறை அழுத்தினால் போதும்.

உள்சுழற்சியில் ஒரு எச்சரிக்கை உண்டு. நான்கைந்து பேர் அமர்ந்து இரவெல்லாம் பயணம் செய்யும்போது அதே காற்றைத் திரும்பத் திரும்பச் சுவாசித்தால் கரியமில வாயு சேர்ந்து, ஓட்டுநருக்கு மந்தமும் தூக்கக் கலக்கமும் வரும். அரை மணிக்கு ஒருமுறை சில நிமிடங்களுக்கு வெளிக்காற்றைத் திறந்துவிடுங்கள். இதைவிடப் பெரிய ஆபத்து, எஞ்சினை ஓட விட்டு மூடிய காருக்குள் தூங்குவது. புகைக்குழாயில் சிறு ஓட்டை இருந்தாலும், மூடிய ஷெட்டுக்குள் நின்றாலும், மணமற்ற கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறித்துவிடும். அதேபோல, ஏசி ஓடுகிறதே என்று குழந்தையைத் தனியாகக் காருக்குள் விட்டுச் செல்லவே கூடாது. எஞ்சின் நின்றுவிட்டால் அந்தக் கார் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும்.

மலைப்பாதையில்தான் பலர் தவறு செய்கிறார்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளில் மழையோடு ஏறும்போது, வெளியே குளிர்கிறது என்று ஏசியை அணைத்து, சாரல் வருகிறது என்று கண்ணாடியை ஏற்றி, காற்றையும் சுழற்சியிலேயே விட்டுவிடுகிறார்கள். ஐந்து பேரின் மூச்சும் நனைந்த சட்டைகளின் ஈரமும் போக வழியின்றிக் குளிர்ந்த முன்கண்ணாடியில் புகைபோலப் படிகின்றன. வளைவின் நடுவில் பாதை மறைந்துவிடுகிறது. துணியால் துடைப்பது அடுத்த நிமிடம்வரைதான் உதவும். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது: ஏசி ஓடட்டும், எண்ணை 24 அல்லது 25-க்கு ஏற்றுங்கள், வெளிக்காற்றைத் திறங்கள், காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். கண்ணாடியும் வளைந்த அம்புகளும் வரைந்த பொத்தானை அழுத்தினால் பெரும்பாலான கார்களில் இவையெல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். குளிர்வித்து உலர்த்தி மறுபடி சூடேற்றிய காற்று என்று மேலே சொன்னது இந்த இடத்தில்தான் தன் மதிப்பைக் காட்டுகிறது. உதகையின் உறைபனிக் காலைகளில் கம்ப்ரசர் இயங்காமல் போகலாம், பயப்பட வேண்டாம்; அந்தக் குளிர்காற்றில் நீராவி மிகக் குறைவு என்பதால் வெளிக்காற்றும் ஹீட்டருமே போதும்.

சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் புழுக்கமான இரவுகளில் இதன் மறுபக்கம் நடக்கும்: பனி கண்ணாடியின் வெளிப்புறத்தில் படியும். உள்ளிருந்து குளிர்காற்று கண்ணாடியைத் தாக்கி, வெளியே உள்ள ஈரக்காற்று அதன்மேல் வேர்ப்பதுதான் காரணம். வைப்பரை ஒருமுறை ஓட்டிவிட்டு, காற்றை முன்கண்ணாடியிலிருந்து முகத்துக்குத் திருப்பி, எண்ணை இரண்டு டிகிரி ஏற்றுங்கள். பனி எந்தப் பக்கம் என்பதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு எதையும் செய்யுங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

சரியாக வேலை செய்யவில்லை என்றால்

பட்டறைக்குச் செல்லும் முன் வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை, பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும். எஞ்சின் ஓடும்போது எண்ணை ‘லோ’ வரை இறக்கி, காற்றை முகத்துக்கும் உள்சுழற்சிக்கும் வைத்து, பத்து நிமிடம் ஓட விட்டு, நடுத்துளையில் ஒரு வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். 10 டிகிரியை ஒட்டி வந்தால் கம்ப்ரசர், கேஸ், காயில் எல்லாம் நலம் என்று கொள்ளலாம். பிறகு ‘ஹை’ வரை ஏற்றுங்கள். எஞ்சின் சூடாக இருந்தால் ஓரிரு நிமிடங்களில் அனல்காற்று வர வேண்டும். வந்தால் கலப்புக் கதவும் சரியாகத் திரும்புகிறது. இரண்டு முனைகளும் சரி, 24 வைத்தால் மட்டும் தடுமாறுகிறது என்றால் குறை சென்சாரில்தான் இருக்கிறது. கேஸை நிரப்பிப் பயனில்லை. ‘லோ’விலேயே குளிர் வரவில்லை என்றால்தான் கேஸ், கண்டன்சர் விசிறி, கம்ப்ரசர் என்ற திசையில் தேட வேண்டும்.

உள்வெப்ப சென்சாரைச் சோதிக்க, டிஷ்யூ தாளில் ஒரு சிறு துண்டைக் கிழித்து, புளோயர் ஓடும்போது அந்தக் கீறல்களின் மேல் வையுங்கள். உறிஞ்சிப் பிடித்துக்கொண்டால் நலம். விழுந்துவிட்டால் குட்டி விசிறி நின்றிருக்கிறது அல்லது குழாய் கழன்றிருக்கிறது. விசிறியே இல்லாமல் அகச்சிவப்பால் அளக்கும் கார்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

காரைக் கிளப்பியதும் டேஷ்போர்டுக்குள்ளிருந்து ‘டக் டக்’ என்று சில நொடிகள் சத்தம் வந்தால், ஏதோ ஒரு கதவு மோட்டாரின் பிளாஸ்டிக் பல் உடைந்து வழுக்குகிறது என்று பொருள். மோட்டாரின் விலையைவிட அதை எட்டுவதற்கு டேஷ்போர்டைக் கழற்றும் கூலி அதிகமாகலாம் என்பதால், எந்த மோட்டார் என்று, காரின் கணினியில் பதிவான பழுதுகளைப் படிக்கும் ஸ்கேனரில் உறுதி செய்த பிறகே கழற்ற அனுமதியுங்கள். பாட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு ஏசி குழம்பினால், சாவியைத் திருப்பி ஒரு நிமிடம் எந்தப் பொத்தானையும் தொடாமல் விடுங்கள். பல கார்களில் கணினி ஒவ்வொரு கதவையும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை திருப்பித் தன் அளவைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும். சில கார்களுக்கு அதைப் பட்டறையில்தான் செய்ய வேண்டும். இன்னொரு நுணுக்கம்: மூடிய ஷெட்டுக்குள் ஸ்கேன் செய்தால் சில கார்கள் வெயில் சென்சாரில் பழுது என்று காட்டும். வெளிச்சம் இல்லாததே அதற்குக் காரணம். காரை வெயிலுக்கு நகர்த்திச் சோதித்த பின்பே அதை மாற்றச் சம்மதியுங்கள்.

கேஸ் பற்றி அழுத்தமாக ஒன்று சொல்ல வேண்டும். அது பெட்ரோல் போலத் தீர்ந்துபோகும் பொருளன்று; மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ஓரிரு ஆண்டுகளிலேயே வெகுவாகக் குறைந்துவிட்டது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் ஆண்டுதோறும் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். நம் பணமும் வீண், வளிமண்டலத்துக்கும் கேடு, ஏனெனில் ஆர்-134ஏ கரியமில வாயுவைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடேற்றக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் புதிய கார்களில் அதைத் தடை செய்திருக்கிறது. நிரப்பும்போது பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, எடை போட்டு நிரப்பச் சொல்லுங்கள். கூடினாலும் குளிர் குறையும், குறைந்தாலும் குளிர் குறையும்.

பராமரிப்பில் எளிதானதும் பலர் மறப்பதும் கேபின் ஃபில்டர். பெரும்பாலும் இடப்பக்கப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். கருவிகள் இல்லாமலேயே ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். தூசி அடைத்த ஃபில்டர் காற்றைத் தடுக்கும்போது, உள்ளே குளிரவில்லையே என்று கணினி புளோயரை மேலும் மேலும் கூட்டும். சத்தம் மிகுந்து, காற்று குறைந்து வரும். தூசி மிகுந்த சாலைகளில் ஓடும் காரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். காரைக் கிளப்பியதும் ஈரச்சாக்கு நாற்றம் அடித்தால், ஈரமான கூலிங் காயிலில் பூஞ்சை படிந்திருக்கிறது. வாசனைப் புட்டி அதை மறைக்குமே தவிர நீக்காது. வீடு வருவதற்கு மூன்று நான்கு நிமிடம் முன்பு ஏசி பொத்தானை மட்டும் அணைத்து, புளோயரை ஓட விடுங்கள், காயில் உலர்ந்துவிடும்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கில் ஒரு பங்காளி கூடுதலாக இருக்கிறது. கம்ப்ரசர் மின்மோட்டாரால் ஓடுவதால் சிக்னலில் நின்றாலும் குளிர் குறையாது. எஞ்சின் சூடு இல்லாததால் மின்ஹீட்டரோ ஹீட் பம்போ அந்த இடத்தை நிரப்புகிறது. ஆனால் பல மாடல்களில் பாட்டரியைக் குளிர்விப்பதும் அதே கம்ப்ரசர்தான். கொளுத்தும் வெயிலில் வேகமாகச் சார்ஜ் ஏறும்போது உள்ளே குளிர்ச்சி சற்று மட்டுப்பட்டால், பாட்டரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று கொள்ளுங்கள். புறப்படுவதற்கு முன், சார்ஜர் செருகியிருக்கும்போதே செல்போன் வழியாக ஏசியை இயக்கிவிட்டால், காரைக் குளிர்விக்கும் மின்சாரம் சுவரிலிருந்து வரும். பாட்டரி முழுவதும் பயணத்துக்கு மிஞ்சும்.